இடத்தை வித்தா எத்தனை மணி நேரம்?



போன வருஷம் ஆடி மாசம். ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா போன் பண்ணுச்சு. அந்த நேரத்துக்கு அக்கா நம்பர் வந்தா ஒன்னு அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இல்லைன்னா மச்சானோட சண்டை. அன்னிக்கு ரெண்டும் இல்ல.

"தம்பி, பையன் விளையாட்டுக்குன்னு உங்க மச்சான் அந்த அஞ்சு சென்ட் இடத்த விக்கறேங்கறாரு. ஆடி முடியட்டும், ஆவணி பொறந்ததும் பத்திரம் போட்டுரலாம்னு ஆள்கூட பாத்தாச்சு. நீ என்னடா சொல்ற?"

நான் உடனே ஒன்னும் சொல்லல. "காலையில கூப்பிடறேன்க்கா"ன்னு வெச்சுட்டேன். தூக்கம் வரல. அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சு இன்னிவரைக்கும் மனசுல ஓடிட்டிருக்கற ஒரு கேள்வியைத்தான் இங்க எழுதறேன். பிள்ளைக்குத் திறமை இருக்கு. பெத்தவங்க அதுக்காக எதுவரைக்கும் போகலாம்? இருக்கறதை எல்லாம் கொடுக்கறது பாசமா, இல்ல கேக்காமலே அந்தப் பிள்ளை தலையில ஏத்தற கடனா?

மச்சான் திருப்பூர்ல பவர் டேபிள் போட்டு பனியன் தைச்சுக் கொடுக்கறவர். எட்டு மெஷின். ஆர்டர் இருந்தா ராத்திரி பகல் தெரியாது, இல்லைன்னா மெஷினுக்குத் துணி போர்த்தி வெச்சுட்டு உக்காந்திருப்பார். யூனிட்டுக்குப் பக்கத்துல ஒரு பேக்கரி, அதுக்கு மேல மாடியில ஒரு பூல் பார்லர். பையனுக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு ஞாயித்துக்கிழமை மச்சான் அங்க யாரோ பார்ட்டியைப் பாக்கப் போனவர் இவனையும் கூட்டிட்டுப் போயிருக்கார். பெரியவங்க பேசிட்டிருந்த நேரத்துல இவன் ஒரு ஸ்டிக்கை எடுத்துத் தட்டிப் பாத்திருக்கான். அவ்வளவுதான், அங்கயே ஒட்டிக்கிட்டான். இப்ப எட்டாவது படிக்கறான், பதிமூணு வயசு. மாநில அளவுல ஒரு ஜூனியர் போட்டியில அரையிறுதி வரைக்கும் போயிட்டு வந்தான். அதுலிருந்துதான் வீட்டுல இந்தப் பேச்சு.

பூல் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நம்ம கேரம் மாதிரிதான், ஆனா ஒன்பதடி நீள மேஜை, பச்சையோ நீலமோ துணி, ஆறு குழி. நைன்பால்னு ஒரு ஆட்டம் இருக்கு. ஒன்னுலிருந்து ஒன்பது வரைக்கும் நம்பர் போட்ட பந்து. மேஜையில இருக்கற சின்ன நம்பரைத்தான் வெள்ளைப் பந்து முதல்ல தொடணும். ஒன்பதாம் நம்பரை ஒழுங்கா குழியில போட்டவன் ஜெயிச்சான். கேக்க சுலபமா இருக்கும். குழியில போடறது பாதி ஆட்டம்தான். போட்ட பிறகு வெள்ளைப் பந்து அடுத்த அடிக்குத் தோதா எங்க வந்து நிக்குதுங்கறதுதான் மீதி ஆட்டம். என் மருமகன் ஒரு சின்ன துண்டுப் பேப்பரை மேஜையில வெச்சுட்டு, "மாமா, இந்த ரெண்டாம் நம்பரைப் போட்டுட்டு வெள்ளையை அந்தப் பேப்பர் மேல நிறுத்தறேன் பாருங்க"ம்பான். பத்துல ஏழு தடவை நிறுத்திடுவான். நான் ஆபீஸ்ல இருக்கற டேபிள்ல ரெண்டு வருஷமா ஆடறேன். பத்துல ஒரு தடவை வரும், அதுவும் தெரியாம வரும்.

ஆக, திறமை இருக்கான்னு எனக்குச் சந்தேகமே இல்ல. பிரச்சினை அங்க இல்ல.

மச்சானோட திட்டம் இது. இடத்தை விக்கறது. பையனைப் பெங்களூருல என் வீட்டுல விடறது. அங்க நல்ல கோச் கிட்ட சேக்கறது. பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு பத்தாவதைத் தனித்தேர்வா எழுத வைக்கறது. எனக்குத் தை மாசம் கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு. உண்மையைச் சொல்றேன், அதையே காரணமா சொல்லித் தப்பிச்சுக்கலாம்னுதான் முதல்ல நினைச்சேன். வரப்போற பொண்ணு கிட்ட, "வீட்டுல ஒரு பையன் இருப்பான், தினமும் எட்டு மணி நேரம் பூல் ஆடுவான்"னு எப்படிச் சொல்றது? (அப்புறம் சொன்னேன். "பாத்திரம் கழுவுவானா?"ன்னு மட்டும் கேட்டாங்க.)

அடுத்த நாள் காலையில மச்சான் கிட்டயே பேசினேன். "மச்சான், இது ரொம்பப் பெரிய ரிஸ்க்குங்க. இடம் போனா திரும்ப வராது"ன்னேன்.

அவர் கோவப்படல. மெதுவாத்தான் கேட்டார். "மாப்ள, உனக்கு உங்கப்பா தோட்டத்தை வித்தாரே, அது ரிஸ்க் இல்லையா? இஞ்சினீரிங் சீட்டுன்னா படிப்பு, இதுன்னா சூதாட்டமா?"

எனக்குப் பதில் இல்ல.

அது நிஜம். 2014ல எனக்கு வந்த மார்க்குக்கு நான் கேட்ட பிரிவு கவுன்சிலிங்ல கிடைக்கல. அப்பா தாராபுரம் பக்கம் இருந்த முக்கால் ஏக்கர் தோட்டத்தை, சின்ன வெங்காயம் போட்ட தோட்டத்தை, கிணத்தோட வித்து ஒரு தனியார் கல்லூரியில மேனேஜ்மென்ட் சீட் வாங்கிக் கொடுத்தார். ஊர்ல ஒருத்தர்கூட அதைச் சூதுன்னு சொல்லல. "பையனைப் படிக்க வெச்சுட்டார்"னு பெருமையாத்தான் பேசினாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. என்னோட படிச்சவங்கள்ல எத்தனை பேருக்கு அந்தப் படிப்புக்கான வேலை கிடைச்சுது? அதுவும் ஒரு பந்தயம்தான். ஊரே சேந்து கட்டற பந்தயம்ங்கறதால அதுக்குப் பந்தயம்னு பேர் வைக்கறதில்ல.

மச்சானுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. சின்ன வயசுல அவர் நல்லா படம் வரைவாராம். அவங்கப்பா ஒரு நாள் அந்த நோட்டை எல்லாம் எடுத்து வெந்நீர் அடுப்புல போட்டுட்டார். இதை அக்காதான் சொல்லுச்சு, அவர் வாயால சொல்லிக் கேட்டதில்ல. "எங்கப்பா எனக்குப் பண்ணதை நான் இவனுக்குப் பண்ண மாட்டேன்"ங்கறது மட்டும் அடிக்கடி சொல்வார். இந்த மனுஷன் தப்பானவர்னு நான் எப்படிச் சொல்வேன்?

அந்த வாரம் பூரா வாட்ஸ்அப்புல வீடியோ அனுப்பிட்டே இருந்தார். வட சென்னை ஆட்டோ ஓட்டுநர் பொண்ணு காசிமா, 2024ல அமெரிக்காவுல நடந்த உலகக் கேரம் போட்டியில மூணு தங்கம், தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபா பரிசு. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனா ஒரு வித்தியாசத்தை மச்சான் கவனிக்கல. கேரம் போர்டைச் செவத்துல சாய்ச்சு வெச்சுட்டு அதே இடத்துல பாய் போட்டுப் படுத்துக்கலாம். பூல் மேஜைக்குள்ள இருக்கறது கல்லு. விலையை விடுங்க, ஒன்பதடி மேஜையைச் சுத்தி ஸ்டிக்கைப் பின்னால இழுத்து அடிக்க இடம் வேணும்னா நம்ம வீட்டு ஹால் பத்தாது. அதனால ஏழை வீட்டுப் பையனுக்கு இந்த ஆட்டம் மணிக்கணக்கு வாடகையிலதான் கிடைக்கும். அந்தப் பார்லர்ல மணிக்கு 180 ரூபா. கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும், பையன் அடிக்கற ஒவ்வொரு தப்பு அடிக்கும் காசு.

ஜெயிச்சா என்ன கிடைக்கும்ங்கறதும் யோசிக்கணும். ஒலிம்பிக்ஸ்ல இந்த ஆட்டமே இல்ல. ஆசிய விளையாட்டுல 1998 முதல் 2010 வரைக்கும் வெச்சிருந்தாங்க, அப்புறம் எடுத்துட்டாங்க. 2006லயும் 2010லயும் பில்லியர்ட்ஸ்ல நமக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த பங்கஜ் அத்வானிக்கு ஆறு வயசு வாக்குல அப்பா இறந்துட்டார். பெங்களூருல அண்ணன் ஸ்ரீதான் அவரை ஸ்னூக்கர் பார்லருக்குக் கூட்டிட்டுப் போனவர். அப்புறம் அர்விந்த் சாவூர்னு நல்ல கோச் கிடைச்சார். இருபத்தஞ்சுக்கு மேல உலகப் பட்டம். ஆனா நம்ம தெருவுல பத்து பேர் கிட்ட அத்வானி யாருன்னு கேளுங்க, பாதிப் பேர் அரசியல் தலைவரைச் சொல்வாங்க.

நான் மென்பொருள் வேலை பாக்கறவன். ஒரு விஷயம் புரியலைன்னா தோண்டிப் பாக்கற புத்தி. அந்த வாரம் ராத்திரியெல்லாம் ஸ்னூக்கர், பூல் ஆடறவங்க வாழ்க்கையைத்தான் படிச்சுட்டிருந்தேன். அதுல ரெண்டு பேர் மனசுல நின்னாங்க.

ஒருத்தர் டிங் ஜுன்ஹுய். 1987ல பிறந்தவர், சீனாவுல ஜியாங்சு மாகாணம், யிசிங் ஊர். பையன்கிட்ட அசாத்திய திறமை இருக்குன்னு அப்பா கண்டுபிடிச்சுட்டார். பள்ளிக்கூடத்தை நிறுத்தினாங்க. ஊரை விட்டு ரொம்ப தூரம் தள்ளி, குவாங்டாங் மாகாணத்துல டோங்குவான் நகரத்துல பயிற்சி. செலவுக்கு வீட்டையே வித்தாங்க. மச்சானோட திட்டம்தான், வரி மாறாம. அந்தப் பந்தயம் பலிச்சுது. 2005ல, பதினெட்டு வயசுல, சைனா ஓப்பன் இறுதி ஆட்டத்துல ஏழு தடவை உலக சாம்பியனான ஸ்டீபன் ஹென்ட்ரியைத் தோக்கடிச்சார். சீனாவே அவரால ஸ்னூக்கர் ஆட ஆரம்பிச்சுது.

இன்னொருத்தர் ஸ்டீவ் டேவிஸ், லண்டன்காரர். பன்னெண்டு வயசுல அவங்கப்பா பில் டேவிஸ், தான் ஆடற தொழிலாளர் கிளப்புக்கு அவரைக் கூட்டிட்டுப் போனார். ஜோ டேவிஸ்ங்கற பழைய சாம்பியன் எழுதின புத்தகம் ஒன்னைக் கையில கொடுத்தார். (பேர்தான் ஒன்னு, சொந்தம் இல்ல.) அப்பாவும் பையனும் சேந்து அந்தப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு நிக்கறது எப்படி, குனியறது எப்படின்னு பழகினாங்க. 1981ல ஆரம்பிச்சு 1989க்குள்ள ஆறு உலகப் பட்டம். அப்பா கடைசிவரைக்கும் பையன் ஆட்டத்தைப் பாத்துத் திருத்திக்கிட்டேதான் இருந்தார்.

இந்த ரெண்டு பேரும் 2005 டிசம்பர்ல பிரிட்டன்ல யூகே சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்துல மோதினாங்க. டேவிஸுக்கு 48, டிங்குக்கு 18. டிங் 10-6ல ஜெயிச்சார்.

இதோட நிறுத்தியிருந்தா மச்சான் சொல்றதுதான் சரின்னு முடிவு பண்ணியிருப்பேன். ஆனா இன்னொரு ஆட்டத்தோட வீடியோ கிடைச்சுது. 2007 ஜனவரி, லண்டன் வெம்ப்ளி, மாஸ்டர்ஸ் இறுதி. டிங்குக்குப் பத்தொன்பது வயசு. எதிர்ல ரானி ஓசல்லிவன். அதே போட்டியில தன்னோட முதல் ஆட்டத்துல டிங் 147 அடிச்சிருந்தார், வழக்கமா அதுக்கு மேல ஸ்கோர் கிடையாது. அப்படிப்பட்ட பையன் இறுதி ஆட்டத்துல உடைஞ்சு போறான். கூட்டம் பூரா எதிராளிக்குக் கத்துது. 9-3ல ஆட்டம் முடிஞ்சுடுச்சுன்னு நினைச்சுக் கை கொடுக்க வந்துட்டான். இன்னும் ஒரு ஃப்ரேம் இருக்கு. கண்ணுல தண்ணி. ஓசல்லிவன் அவன் தோள்ல கையைப் போட்டுக் கூட்டிட்டுப் போறார். இத்தனைக்கும் அப்ப ஓசல்லிவனோட அப்பா கொலை வழக்குல சிறையில இருந்தார். அப்பா பக்கத்துல இல்லாம ஜெயிச்ச ஒருத்தர், அப்பா வீட்டையே வித்த ஒருத்தனுக்குத் தோள் கொடுக்கறார்.

அந்தப் பையன் மனசுல அந்த நேரத்துல என்ன ஓடுச்சுன்னு எனக்குத் தெரியாது. வீடு ஞாபகம் வந்திருக்கணும்னு அவசியமில்ல. ஆனா எனக்கு என் தோட்டம் ஞாபகம் வந்துடுச்சு.

ரெண்டாவது வருஷம் எம்-3, அதாவது மூணாவது செமஸ்டர் கணக்குப் பேப்பர்ல எனக்கு அரியர் விழுந்துச்சு. கூடப் படிச்சவங்களுக்கு அது பெரிய விஷயமே இல்ல. "மச்சி எனக்கு மூணு"ன்னு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னவன் எல்லாம் இருந்தான். என்னால சொல்ல முடியல. ஒரு வருஷம் மறைச்சேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அப்பா போன்ல "படிப்பு எப்படிப்பா போகுது?"ன்னு கேப்பார். "நல்லா போகுதுங்ப்பா"ம்பேன். அந்தப் படிப்பு எனக்குப் பிடிச்சிருக்கா இல்லையான்னு நாலு வருஷத்துல ஒரு தடவைகூட நான் என்னையே கேட்டுக்கல. தோட்டம் போயிருச்சு. இனிமே பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன?

அப்பா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல, அதையும் எழுதணும். "உனக்காக வித்தேன்"னு ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்ல. சொல்லாததாலதான் பாரம் குறையும்னு நினைக்காதீங்க. கந்துவட்டிக்காரன் கிட்ட கடன்னா சண்டையாவது போடலாம். வாயே திறக்காத அப்பா கிட்ட எப்படிச் சண்டை போடறது?

சனிக்கிழமை திருப்பூர் போனேன். பார்லருக்கு நானும் மச்சானும் போனோம். சுவர் ஓரமா ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சேர், அது மச்சானுக்குன்னே போட்டிருக்காங்க. தினமும் சாயங்காலம் வந்து உக்காந்துடுவாராம். பையன் ஒரு பெரியவரோட ஆடினான். ஒன்னுலிருந்து ஆறு வரைக்கும் அழகா போச்சு. ஏழாம் நம்பர் கொஞ்சம் கஷ்டமான அடி, விட்டுட்டான். விட்டவுடனே அவன் மேஜையைப் பாக்கல. வெள்ளைப் பந்து எங்க போய் நின்னுச்சுன்னுகூடப் பாக்கல. நேரா சிவப்பு சேரைப் பாத்தான்.

மச்சான் முகத்துல ஒன்னுமே இல்ல. திட்டலை, முறைக்கலை. சும்மா உக்காந்திருந்தார். ஆனாலும் அடுத்த ரெண்டு ஆட்டத்துல அந்தப் பையன் அவசர அவசரமா அடிச்சு ரெண்டையும் விட்டான். நடுவுல யூனிட்லருந்து போன் வந்து மச்சான் அரை மணி நேரம் கீழே போயிட்டார். அந்த அரை மணி நேரம் அவன் ஆடின ஆட்டத்தை நீங்க பாத்திருக்கணும். மேஜையைச் சுத்திச் சுத்தி வந்து, குனிஞ்சு பாத்து, தனக்குத்தானே ஏதோ முனகிக்கிட்டு, ஒரு அடி தப்பினா "ஐயய்யோ"ன்னு சிரிச்சுக்கிட்டு...

அப்புறம் அவனைக் கீழே பேக்கரிக்குக் கூட்டிட்டு வந்தேன். டீயும் தேங்காய் பன்னும் சொன்னேன். "அப்பா இடத்தை விக்கறது தெரியுமாடா?"ன்னேன்.

"தெரியும் மாமா. பன்னெண்டு லட்சம்." பன்னைப் பிச்சுக்கிட்டே சொன்னான். "நான் கணக்குப் போட்டுட்டேன். மணிக்கு நூத்தி எண்பதுன்னா ஆறாயிரத்து அறுநூத்தி அறுபத்தாறு மணி நேரம் வருது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஆடினா நாலரை வருஷம். கோச் ஃபீஸ் தனி." கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "அதுக்குள்ள ஜெயிச்சுருவேனா மாமா?"

அக்காவும் மச்சானும் நானும் ரெண்டு வாரமா போன்ல விவாதம் பண்ணிட்டிருக்கோம். அந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தது பதிமூணு வயசுப் பையன் ஒருத்தன் மட்டும்தான்.

"உனக்கு என்ன வேணும்?"னு கேட்டேன். இதை அதுவரைக்கும் எங்க வீட்டுல யாரும் அவன்கிட்ட கேக்கல. அவன் ரொம்ப யோசிச்சான். "ஆடணும் மாமா. ஆனா இடம் இருக்கட்டும். அங்க அம்மா வீடு கட்டறேன்னு சொல்லிட்டிருந்துச்சு."

உறவுகளே, நம்ம பழநிக் கதை எல்லாருக்கும் தெரியும். ஒரு பழம், ரெண்டு பிள்ளைங்க. போட்டி வெச்சது பெத்தவங்க. யார் ஜெயிச்சது, சுத்தினது உலகத்தையா அம்மையப்பனையாங்கறதைத்தான் நாம திரும்பத் திரும்பப் பேசறோம். எனக்கு இப்பல்லாம் அதுக்கப்புறம் வர்ற பகுதிதான் ஞாபகம் வருது. தோத்துட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போன பிள்ளையைத் தேடிப் பெத்தவங்க மலைக்குப் போனாங்க. "பழமே நீதானே"ன்னாங்க. மச்சானும் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போறவர்தான். இதை அவர்கிட்ட சொன்னேன். "மாப்ள, நான் என்ன அவனைத் தொரத்தியா விட்டேன்?"ன்னார். அதுவும் சரிதான்.

ராத்திரி பஸ்ஸுக்கு முன்னாடி ஊருக்குப் போய் அப்பாவைப் பாத்துட்டு வந்தேன். திண்ணையில உக்காந்திருந்தார். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, "ஏனுங்ப்பா, தோட்டத்தை வித்தது உங்களுக்கு வருத்தமா?"ன்னு கேட்டுட்டேன்.

"வருத்தம்தான். இல்லாம எப்படி? என்ற அப்பன் வெட்டின கிணறு"ன்னார். "ஆனா வித்தது என்ற முடிவு. உங்கிட்ட கேட்டா வித்தேன்? அதுக்கு நீ எதுக்குக் கணக்கு வெச்சுக்கற?"

அந்த அரியர் விஷயத்தை அப்பத்தான் சொன்னேன். ஒன்பது வருஷம் கழிச்சு.

"தெரியும். காலேஜ்ல இருந்து கடுதாசி வந்துச்சு. பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் படிக்கச் சொன்னேன். நீயே சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன்."

ரெண்டு பேரும் ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. ஒரு வருஷம் நான் மறைச்சேன், அவர் காத்திருந்தார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் "படிப்பு எப்படிப்பா போகுது"ன்னு அவர் கேட்டது விசாரிக்க இல்ல, கதவைத் திறந்து வெச்சுப் பாத்திருக்கார். நான்தான் உள்ள வரல. வர முடியாதபடி நடுவுல ஒரு தோட்டம் கிடந்துச்சு.

இப்ப எனக்குப் புரியறது இதுதான். பெத்தவங்க பிள்ளைக்காகச் செலவு பண்றதுல தப்பில்ல, இழக்கறதுலகூடத் தப்பில்ல. திரும்ப எடுக்க முடியாத ஒன்னை வெச்சுட்டா, "அப்பா, இது எனக்கு வேண்டாம்"னு சொல்ற உரிமை பிள்ளைக்குப் போயிடுது. பதிமூணு வயசுல ஆசைப்பட்டது பதினேழு வயசுல மாறலாம். மாறக்கூடாதுன்னு நாம பத்திரம் எழுத முடியாது. டிங் மாதிரி ஜெயிச்சவர் கதைதான் நமக்கு வந்து சேருது. வீட்டை வித்துட்டுப் பாதியில ஊர் திரும்பின அப்பாவும் பிள்ளையும் எந்த வீடியோவிலயும் வரமாட்டாங்க. எங்க வேலையிலயும் அப்படித்தான். வெற்றிகரமா ஓடின புரோகிராமோட லாக் மட்டும் பாத்துட்டு, எல்லாம் நல்லா இருக்குன்னு முடிவு பண்றவனை வேலைக்கு வெச்சுக்க மாட்டாங்க.

ஸ்டீவ் டேவிஸ் 2016ல, 58 வயசுல ஓய்வு அறிவிச்சார். அந்த வருஷம்தான் அவங்கப்பா இறந்தார். பட்டம் ஜெயிக்கற காலம் எல்லாம் முடிஞ்சு பல வருஷம் ஆயிருந்துச்சு. அப்பா பாக்கறார்ங்கறதுக்காகவும்தான் அதுவரைக்கும் ஆடிட்டிருந்ததா அவரே சொன்னார். இதுவும் ஒரு பாரம்தானேன்னு யாராவது கேட்டா என்கிட்ட முழுசா பதில் இல்ல. ஆனா அந்த அப்பா சேர்ல உக்காந்து பாத்தவர் இல்ல, பன்னெண்டு வயசுல இருந்து கூட நின்னு ஆடினவர். அது ஏதோ ஒரு விதத்துல வேற.

கடைசியில என்ன ஆச்சுன்னா, இடம் விக்கல. மச்சானைச் சமாதானப்படுத்தினது நான் இல்ல. அக்கா அந்த 6,666 கணக்கை அவர்கிட்ட சொல்லிருக்கு. ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தாராம். அப்புறம் ஆள் கிட்ட அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டார். மாசம் இருபத்தஞ்சு மணி நேர டேபிள் வாடகை என் பொறுப்பு. பெரிய தொகை இல்ல, நான் வாரக் கடைசியில ஆர்டர் பண்ணிச் சாப்பிடறதை நிறுத்தினாலே வந்துடும். நிறுத்தணும்னா எந்த மாசம் வேணாலும் நிறுத்திக்கலாம், அதை அவன்கிட்டயே சொல்லிட்டேன். பள்ளிக்கூடம் போறான். மே மாச லீவுல மட்டும் பெங்களூரு. அவன் மாமிக்குச் சந்தோஷம்தான், பாத்திரம் நல்லாவே கழுவறான். சிவப்பு சேர் இன்னும் அங்கதான் இருக்கு, ஆனா மச்சான் இப்ப அதுல உக்காரறதில்ல. பார்லர்க்காரர் அவருக்கும் ஒரு ஸ்டிக் கொடுத்துட்டார். மகன் சொல்லிக் கொடுக்கறான், அப்பாவுக்கு முட்டி வளையவே மாட்டேங்குதாம்.

இதெல்லாம் சரியான முடிவான்னு எனக்கு இன்னும் தெரியல. ஒருவேளை அந்தப் பன்னெண்டு லட்சத்தைப் போட்டிருந்தா அவன் பெரிய ஆளா வந்திருப்பானோன்னு மச்சானுக்கு ராத்திரியில தோணும். எனக்கும் தோணுது.

போன மாசம் ஒரு போட்டிக்குப் போனான். முதல் சுத்துலயே தோத்துட்டான். ராத்திரி எட்டு மணிக்கு அவனே எனக்குப் போன் பண்ணான், மச்சான் நம்பர்ல இருந்து.

"மாமா, ஏழுக்கு ரெண்டு. தோத்துட்டேன்."

"சரிடா. சாப்பிட்டியா?"

"அதை விடுங்க மாமா. அஞ்சாவது ரேக்ல எட்டாம் நம்பரைப் போட்டுட்டேன், வெள்ளை நான் நினைச்ச இடத்துல நிக்கல, ஒரு ஜான் தள்ளிப் போயிருச்சு. ஏன்னு தெரியுமா..."

இருபது நிமிஷம் பேசினான். பின்னாடி மச்சான் குரல் கேட்டுச்சு. "இல்லடா, நீ கொஞ்சம் கீழே அடிச்சுட்டே, நான் பாத்தேன்." இவன் போனைக் காதுல வெச்சுக்கிட்டே, "உங்களுக்கு ஒன்னும் தெரியாதுங்ப்பா, சும்மா இருங்க"ன்னான்.